எங்கள் லயம் வாய் மூடிய ஞாயிற்றுக்கிழமை

பக்கத்து வீட்டுச் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்லாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தன் வீட்டுச் சத்தத்தைப் பற்றிக் குறை சொன்னவரையும் சந்திக்கவில்லை. (என் மனைவியைத் தவிர. அவள் குறை சொல்லும் சத்தம் என் குறட்டை.)

இப்போது நாங்கள் இரத்தினபுரியில் குடியிருக்கிறோம். எங்கள் தெருவில் யாராவது நாயைக் குரைக்கவிட்டாலும், விடிந்ததும் விடியாததுமாக மோட்டார் சைக்கிளை உறுமவிட்டாலும் அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் வருவார்கள். "சார், நீங்க போய் ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்பார்கள். பள்ளிக்கூட வாத்தியார் சொன்னால் எடுபடும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பக்கத்து வீட்டுச் சத்தத்தை அடக்கப் போனேன். அடக்கியும் விட்டேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

தெரணியகலைக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி றப்பருமாக இருந்த தோட்டத்தில் எங்கள் லயம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே சுவர் உண்டு, ஆனால் அந்தச் சுவர் கூரைத் தகரம்வரை போகாது. கட்டிய காலத்தில் கல் தீர்ந்துபோனதோ, துரைக்கு மனசு வரவில்லையோ, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் திறந்த வெளிதான். முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் "நூறு" என்பார்கள். எந்த வீட்டில் என்ன சண்டை, எந்தக் குழந்தைக்கு வயிற்றுவலி என்பதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதுவாகவே சுவர் ஏறி வந்து சேரும்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது. எல்லோரும் பல்ப் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுச் சின்னராசு அண்ணன் மட்டும் கெசட் ரெக்கோடர் வாங்கினார். (பல்ப் அப்புறம்தான் வந்தது. அதுவரை இருட்டில் உட்கார்ந்தே பாட்டுக் கேட்டார்.) அவர் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். விடியுமுன் மலைக்குப் போய், மத்தியானத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், மிச்சப் பொழுது முழுவதும் அவருக்கும் கெசட்டுக்கும்தான். அந்தப் பெட்டியின் சத்தம் போதவில்லை என்று தெரணியகலை டவுனில் பழைய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்து, ஒரு மண்பானைக்குள் இறக்கி வைத்தார். பானைக்குள் போன பாட்டு பானையாகவே வெளியே வந்தது. பாடுகிறவரின் குரல் எங்கேயோ அடியில் அமுங்கிவிடும். 'தும் தும்' என்ற அதிர்வு மட்டும் சுவரைத் தாண்டி வந்து எங்கள் வீட்டு முருகன் படத்தை ஆட்டும்.

அவருடைய மனைவி மாரியாயி மதினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. நாளெல்லாம் அழுகிற குழந்தைகளுக்கு மேலே பேசிப் பேசி, மதினிக்கு அதுவே சாதாரணக் குரலாகிவிட்டது. உப்பு வேண்டுமென்று கேட்டாலும் அடுத்த மலைக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராத் துணிகளை மூட்டையாகக் கட்டி வந்து, பீலியடியில் தண்ணீர் விழும் கல்லில் போட்டு அடி அடி என்று அடிப்பார்.

இந்தச் சத்தங்களுக்கு நடுவே நான் இருந்தேன். வயது இருபத்திரண்டு. உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். தொண்டர் ஆசிரியர் என்றால் சம்பளம் கிடையாது, 'சார்' என்ற பட்டம் மட்டும் உண்டு. அந்த ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. பீலிக்குக் குளிக்கப் போகும்போதும் சேட்டுப் பையில் பேனா இருக்கும்.

இனி அக்கா. என் அக்கா புஷ்பா என்னைவிட ஐந்து வயது மூத்தவள், மலையில் கொழுந்தெடுப்பவள். நல்ல உழைப்பாளி, நல்ல கைமணம். அவளிடம் நான் கண்ட ஒரே குறை அவளுடைய சிரிப்பு. சின்னராசு அண்ணனின் பானைக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தெரியாது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தால் மேல் லயத்தில் "என்னா புஷ்பா?" என்று கேட்பார்கள்.

அக்காவைப் பெண் பார்க்க அவிசாவளைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணுக்கு என்னென்ன சமைக்கத் தெரியும்?" என்று கேட்ட நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் பானை முழங்க ஆரம்பித்தது. அக்கா சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்வி எங்களுக்குக் கேட்கவில்லை. இடையில் மாரியாயி மதினி, "அந்தத் தேங்காத் துருவியக் குடுங்கடி!" என்று சுவருக்கு மேலாகக் கேட்டார். வந்தவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா அதன் பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை. அக்கா எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் சில நாட்களுக்கு அவள் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. குறை குறை என்று சொன்னேனே, அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு, அந்தச் சம்பந்தத்தையும் கொண்டு வந்திருந்த தரகர் முனியாண்டி மாமா இன்னொரு சம்பந்தம் கொண்டு வந்தார். ஓப்பநாயக்கப் பக்கத் தோட்டத்துக் குடும்பம். மாப்பிள்ளை சிவகுமார் என்னைப்போல வெறும் பட்டத்து வாத்தியார் அல்ல, உண்மையான அரசாங்க வாத்தியார். தகப்பன் இல்லை, தாயார் பார்வதியம்மா மட்டும்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, போகும்போது மாமா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. அந்தம்மாவுக்குச் சத்தம்னாலே ஆகாது. போன தடவ மாதிரி பானைய உருட்டினா அப்புடியே பஸ் ஏறிப் போயிருவாங்க. ஒன் பொறுப்பு."

"நீங்க யோசிக்காதீங்க மாமா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அதைச் சொன்னபோது என் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அன்று பின்னேரமே சேட்டை மாட்டிக்கொண்டு, பேனாவையும் குத்திக்கொண்டு சின்னராசு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் குரலில் ஆரம்பித்தேன். அயலவருக்கு இடைஞ்சல் செய்யாதிருத்தல், பொது ஒழுங்கு, படித்த சமுதாயம் என்றெல்லாம் பேசினேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. எங்க வீட்டுச் சத்தம் ஒங்க வீட்டுக்கு வருதுன்னு சொல்றீங்க. அப்ப ஒங்க வீட்டுச் சத்தம் எங்க வீட்டுக்கு வராமயா இருக்கும்?"

"எங்க வீட்ல என்னாண்ணே சத்தம்?"

"ஒங்கப்பாவோட இருமல். அதாவது பரவால்ல, பாவம், வருத்தம். காலங்காத்தால நீங்க கண்ணாடி முன்னுக்கு நின்னுக்கிட்டு 'குட் மோர்னிங் சில்ட்ரன், சிட் டவுன் சில்ட்ரன்'னு சொல்லிப் பழகுறீங்க பாருங்க, அதுக்கு ஒங்க மதினி தெனமும் உள்ளுக்கு ஒக்காந்துக்கிட்டுத்தான் எந்திரிக்கிறா."

உள்ளேயிருந்து மதினி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் வந்தது. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு, சமுதாயம் எல்லாவற்றையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, "அக்காவுக்கு ஒரு நல்ல எடம் வந்திருக்குண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "இத மொதல்ல சொல்றதுக்கு என்னா? போன தடவ வந்தவங்க என்னாலதான் போனாங்கன்னு எனக்கும் மனசுல கெடக்கு. புஷ்பாவுக்குன்னா அன்னைக்கு இந்த வீட்ல மூச்சுக்கூட சத்தமா விட மாட்டோம்" என்றார்.

ஓர் அண்ணன் சம்மதித்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. ஒரு வீடு அடங்கினால் போதுமா, லயமே அடங்க வேண்டாமா? வீடு வீடாகப் போனேன். ரேடியோ போடுகிறவர்களிடம் போட வேண்டாம் என்றேன். விறகு கொத்துகிறவர்களிடம் அன்று கொத்தாதீர்கள், சமையலைக் காலையிலேயே முடித்து அடுப்பை அணைத்துவிடுங்கள் என்றேன். சம்பல் இடிப்பது, தேங்காய் உடைப்பது இரண்டுக்கும் தடை. பந்து விளையாடும் பிள்ளைகளை மேல் லயத்துக்கு அனுப்பினேன். சேவல்களைக் கூடை கவிழ்த்து மூடினோம். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் கிடைப்பது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் என் அக்காவுக்காகத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்த நல்ல மனசை நான் என்ன பாடுபடுத்தினேன் என்பதுதான் இனி வரப்போகிற கதை.

மாரியாயி மதினி மட்டும், "தொவைக்காம இருக்க ஏலாது தம்பி, திங்கக்கெழம புள்ளைங்களுக்குத் துணி வேணும்" என்றார். அப்படியானால் காலையிலேயே துவைத்து முடித்துவிடுங்கள் என்றேன். அவரும் விடியவே பீலிக்குப் போய்த் துவைத்து முடித்தார். எப்போதும் காயப்போடும் வேலியில் அன்று இடம் போதவில்லை, வீட்டுக்குப் பின்னால் சேவல் கூடைகள். ஆகவே ரோட்டு வளைவிலிருந்து லயத்துக்கு ஏறி வரும் பாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டோம். கட்டியது நான்தான். எல்லாம் குழந்தைகளுக்குக் கட்டும் சதுரத் துணிகள். எல்லாம் வெள்ளை.

வருகிறவர்களை உட்கார வைக்கக் கதிரை வேண்டுமே. எங்கள் தோட்டத்தில் பத்துப் பதினைந்து கதிரை ஒன்றாகக் கிடைக்கும் இடம் ஒன்றுதான், சாவு வீடுகளுக்கு உதவுகிற மரணாதார சங்கம். கல்யாணமோ காதுகுத்தோ எதற்கானாலும் அங்கேதான் வாங்குவோம். கொண்டு வந்து வாசலில் வரிசையாகப் போட்டேன். பின்பக்கம் சிவப்பு மையில் சங்கத்தின் பெயர் எழுதியிருக்கும், ஆனால் உட்காருகிறவர்களுக்குத் தெரியாதல்லவா?

சின்னராசு அண்ணனும் அவர் கூட்டாளிகளும் பாட்டும் பேச்சும் இல்லாமல் ஒரு பின்னேரம் முழுக்க என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். ஒரு காட்ஸ் கட்டைக் கொடுத்து, வாசலில் உட்கார்ந்து விளையாடுங்கள், ஆனால் வாயைத் திறக்கிறவர் தோற்றவர் என்று சட்டம் போட்டேன். மூலைக் கதிரைகளில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு ஊமைகளைப் போல விளையாடினார்கள். துவைத்த சேட்டுப் போட்டிருந்தார்கள், பாவம், எங்களுக்கு மரியாதை சேர்க்க.

கடைசியாக அப்பா. றப்பர் ஸ்டோரில் ஷீட் காயவைக்கும் புகை அறையில் வேலை செய்து ஓய்ந்தவர். அந்தப் புகையெல்லாம் இருமலாக நெஞ்சில் தங்கிவிட்டது. டிஸ்பென்சரியில் கொடுத்த இருமல் மருந்தை அன்று காலையிலிருந்தே நான் ஒன்றுக்கு இரண்டாக ஊற்றிக் கொடுத்தேன். புது வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, மாப்பிள்ளை வீட்டாருக்காகத் தயாராக உட்கார்ந்திருந்தவருக்குக் கண் சொருகியது. "கொஞ்சம் சாஞ்சிக்கிறேன்டா" என்று கட்டிலில் மல்லாந்து படுத்துக் கையை நெஞ்சின்மேல் கோத்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று, இருமல் இல்லை என்று நினைத்தேன்.

அக்காவிடம் போய், "தயவுசெஞ்சு சிரிச்சிராதக்கா" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பின்னேரம் ஆயிற்று. வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்று காது கொடுத்துப் பார்த்தேன். ரேடியோ இல்லை, விறகுச் சத்தம் இல்லை, சேவல் இல்லை. எந்தக் கூரையிலிருந்தும் புகை எழவில்லை. எங்கள் வீட்டுப் பல்லி சொன்னது எனக்கு வாசலில் கேட்டது. துரை வந்து அதட்டினாலும் அடங்காத லயத்தை நான் அடக்கிவிட்டேன் என்று பேனாவைத் தடவிக்கொண்டேன்.

கீழே ரோட்டில் த்ரீவீலர் ஒன்று பாட்டோடு வந்தது. அது சுனிலின் த்ரீவீலர் என்று பாட்டைக் கேட்டதுமே தெரிந்தது, டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஓட்டுகிற சிங்களப் பையன். வளைவுக்கு வந்ததும் பாட்டு சட்டென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சுனில்கூடப் பாட்டை நிறுத்திவிட்டானே என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் குரல் எழும்பியது.

"என்னெப் பெத்த அய்யாவே... பாக்க வந்த எங்களப் பாக்காமலே போனீங்களே... காப்பித்தண்ணி குடிக்க வந்தோம், கண்ணீரக் குடிக்க வச்சீங்களே..."

இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி அசைய, நடுப்பாதையில் ஒரு அம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஏறி வந்தார். என்ன குரல்! பானை என்ன பானை, மாரியாயி மதினி என்ன மதினி, எல்லாம் அந்தக் குரலுக்கு முன் நிற்காது. பின்னால் ஓர் இளைஞர் தலைகுனிந்து வந்தார். இரண்டு பேரையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம். எந்த லயத்தில் எழவோ, வழி தெரியாமல் யாரோ இன்றைக்குப் பார்த்து இங்கே ஏறி வருகிறார்கள்! பாய்ந்து போய் வழியை மறித்து, வாயில் விரலை வைத்தேன்.

"ஷ்ஷ்! அம்மா, இங்க சத்தம் போடாதீங்க! இன்னைக்கு எங்க வீட்டுக்குப் பெரிய எடத்து ஆளுங்க வாறாங்க. அவங்களுக்குச் சத்தமே ஆகாது!"

அந்த அம்மா அழுகையை நிறுத்தி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "எழவு வீட்ல அழுகக் கூடாதா? எந்த ஊர் சட்டம் தம்பி இது? தள்ளு" என்று என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். "சம்மந்தி அய்யாவே... மொகத்தக்கூடப் பாக்கலையே..."

சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் வந்திருப்பது பார்வதியம்மாதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் அந்தச் சொல் மாரியாயி மதினியின் காதிலும் விழுந்துவிட்டது. புஷ்பாவைப் பார்க்க வந்த அம்மா சம்மந்தி என்று அழுகிறார் என்றால் போனது யார்? எங்கள் அப்பா காலையிலிருந்து இருமவே இல்லை. மதினி எல்லாவற்றையும் ஒரு நொடியில் கூட்டிப் பார்த்தார். "அய்யோ மாமா!" என்று ஓடி வந்து பார்வதியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அத்தனை சத்தமும் ஒன்றாக வெளியே வந்தது. அதைக் கேட்டு மற்ற வீட்டுப் பெண்களும் ஓடி வந்து வட்டமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சின்னராசு அண்ணன் கையிலிருந்த காட்ஸைக் கீழே போட்டுவிட்டு, "நேத்துக்கூட என்கிட்ட நெருப்புப் பெட்டி கேட்டாரே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் மட்டும் நடுவில் நின்று, "இல்லீங்க... இல்லீங்க..." என்றேன். யாருக்குக் கேட்கும்? என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்திக் கத்திப் பார்த்தேன். அவர்கள் அதையும் அழுகைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு என்னையும் வட்டத்துக்குள் இழுத்துவிட்டார்கள்.

பலகாரத் தட்டோடு அம்மா வெளியே வந்தார். "என்னா மாரியாயி?"

"அத்த... மாமா போயிட்டாருல்ல! எங்ககிட்டக்கூடச் சொல்லாம மறைச்சி வச்சிருக்கீங்களே!"

அம்மா திரும்பி உள்ளே பார்த்தார். புது வெள்ளை வேட்டி, விபூதி, நெஞ்சின்மேல் கோத்த கை, அசைவு இல்லை. பலகாரத் தட்டு கீழே விழுந்தது. அம்மா போட்ட கூச்சல் கூரைத் தகரத்தில் போய் மோதித் திரும்பி வந்தது.

அந்தக் கூச்சலில்தான் மருந்தின் மயக்கம் தெளிந்தது. முதலில் வந்தது இருமல். காலையிலிருந்து சேர்த்து வைத்த இருமல், வாசலில் இருந்த அத்தனை அழுகையையும் அமுக்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. வட்டம் அப்படியே நின்றது. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கூட்டத்தையும் வெள்ளைத் துணியையும் கதிரைகளையும் பார்த்து மிரண்டுபோய்க் கேட்டார்.

"யாருங்க தவறிட்டது?"

பார்வதியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்.

"நீங்கதானுங்க."

அப்போது எங்கள் வீட்டு உள்காம்பராவிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. நான் அடக்கச் சொல்லியிருந்த சிரிப்பு. பட்டுப்புடவையோடு அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எல்லாம் முடிந்தது, இந்தச் சம்பந்தமும் போனது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கணம் பொறுத்துப் பார்வதியம்மாவின் குரலும் அந்தச் சிரிப்போடு சேர்ந்தது. பிறகு மதினி, பிறகு சின்னராசு அண்ணன், பிறகு லயம் முழுவதும்.

நடந்தது பிறகு தெரியவந்தது. வளைவுக்கு வந்ததும் முதலில் பார்த்தவன் சுனில்தான். "மளகெதரக்கு முன்னால பாட்டுப் போட ஏலுமா மல்லி?" என்று பின்னாளில் என்னிடம் கேட்டான். மளகெதர என்றால் அவர்கள் பாஷையில் சாவு வீடு, மல்லி என்றால் தம்பி. பாதையெல்லாம் எங்கள் பக்கத்தில் சாவுக்குக் கட்டுகிற வெள்ளைக் கொடி மாதிரித் துணி, மரணாதார சங்கத்துக் கதிரை, பிணம் காக்கிற இரவுகளில்போல வாசலில் காட்ஸ் விளையாடும் ஆட்கள், அடுப்பெரியாத வீடுகள், ரேடியோச் சத்தம் இல்லை. சாவு வீட்டுக்கு வேறு என்ன வேண்டும்? நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, பிணத்தைத் தவிர. அதற்கும் அப்பாவைப் படுக்க வைத்திருந்தேன். தரகர் முனியாண்டி மாமா, "பொண்ணோட அப்பாவுக்குத்தான் இருமல் கூடுதலா இருந்திச்சு" என்று தன் பங்குக்குச் சொல்லியிருக்கிறார். பெண்ணுக்குக் கொண்டு வந்த தட்டுக்குத் தீட்டு வரக்கூடாதென்று அவரைத் தட்டோடு த்ரீவீலரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, பார்வதியம்மா கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். திரும்பிப் போயிருக்கலாம். சாவு வாசல்வரை வந்துவிட்டு ஒரு அழுகைகூட அழாமல் போனால் மனுசியா என்று அவர் கேட்டாராம்.

அப்பா கதிரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல ஒப்பாரி வச்சாச்சு. சகுனம் இதுக்கு மேல கெட ஏலாது. நீங்க கெளம்புங்கம்மா, நாங்க ஒன்னும் நெனைக்க மாட்டோம்" என்றார். அக்காவின் சிரிப்பும் நின்றுவிட்டது. நான் பேனாவைக் கழற்றிச் சேட்டுப் பைக்குள் ஆழமாகப் போட்டுக்கொண்டேன்.

பார்வதியம்மா பீலியடிக்குப் போய்க் கால் முகம் கழுவிக்கொண்டு வந்தார். (யாரும் சாகவில்லைதான், எதற்கும் இருக்கட்டும் என்று.) பிறகு அப்பாவுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சகுனத்த விடுங்க சம்மந்தி. கல்யாணத்துல அழுக வேண்டிய அழுகையெல்லாம் இன்னைக்கே அழுது தீத்தாச்சு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஆமா, எனக்குச் சத்தம் ஆகாதுன்னு ஒங்கிட்ட யாரு தம்பி சொன்னது? எங்க தோட்டத்துல ஒரு எழவுன்னா மொதல்ல என்னத்தான் கூப்புடுவாங்க!"

தட்டோடு அப்போதுதான் ஏறி வந்த முனியாண்டி மாமா அசடு வழிந்தார். "போன தடவ நான் பேசினது ஒருத்தருக்கும் கேக்கல தம்பி. அதான் அப்புடி ஒரு வார்த்த சொல்லி வச்சேன்."

பார்வதியம்மா அவரை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். கோபமில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, இத்தன குடும்பம் இருக்கிற எடத்துல ஒரு சத்தமும் இல்லாட்டி, வந்தவங்க வேற என்னா நெனைக்கிறது?"

நான் பாதைக்குப் போய்க் கயிற்றிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன்.

அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை மெதுவாக அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ கேட்டார். பார்வதியம்மாவுக்குத்தான் மெதுவாகப் பேச வராதே. "உள்ளுக்கு சிரிச்சது பொண்ணுதானான்னு கேக்குறான்" என்று லயம் முழுவதற்கும் அறிவித்தார். அக்கா உள்ளே ஓடினாள். சின்னராசு அண்ணன் யாரையும் கேட்காமல் எழுந்து போய்ப் பானையைப் போட்டார். முருகன் படம் ஆடியது. தைமாதம் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் வந்தது. எந்த வீட்டிலாவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், "பாட்டுப் போடுங்கப்பா, ஆளுங்க செத்துட்டோம்னு நெனைச்சிருவாங்க" என்று எல்லா வீட்டிலும் ரேடியோவைத் திறந்துவிடுவார்கள். சின்னராசு அண்ணனின் பானைக்குத்தான் முதல் மரியாதை. எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்தப் பானையைச் சுனிலின் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தார். பார்வதியம்மா அத்தை எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் பாதை வளைவிலேயே நின்று, "எல்லாரும் உசிரோடதானே இருக்கீங்க? நான் வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். அப்பா இஸ்தோப்பில் இருந்து இருமிக் காட்டுவார். அதுதான் பதில்.

எனக்கும் பிறகு அரசாங்க நியமனம் கிடைத்தது. இரத்தினபுரியில் சுவர் கூரைவரை போகிற வீடொன்றில் இருக்கிறேன். பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள். பின்னேரங்களில் வீடு அமைதியாகத்தான் இருக்கும். அக்கா ஓப்பநாயக்கவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் பண்ணுவாள். நான் "ஹலோ" என்றதும் அவள் பேசமாட்டாள். என் வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்ப்பாள்.

பிறகு கேட்பாள்: "என்னாடா அங்க? யாரு செத்தது?"

அதற்குப் பின் அந்தச் சிரிப்பு வரும். ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அது முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.